இடது கைக்கு ஒரு ஸ்கேனர்

வல்லநாட்டுப் பாலத்துக்கு முன்னால், நிலக்கரி ஏற்றிய லாரி ஒன்றை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை மிதித்தபோதுதான் அந்த மஞ்சள் விளக்கு முதன்முதலாக எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. வண்டி இழுக்கவில்லை. மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் கூடியது. முந்துகிற எண்ணத்தை விட்டுவிட்டு, கண்ணாடியில் படிந்த கரித்தூளை வைப்பரால் தள்ளிக்கொண்டே லாரிக்குப் பின்னால் ஓட்டினேன்.

பக்கத்து இருக்கையில் இருந்த என் கணவர் விளக்கைப் பார்த்தார். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். பிறகு என்னிடம், "பாய்" என்றார்.

"படுக்கணுமா? இன்னும் இருவது நிமிசந்தான். போயிரலாம்."

இல்லை என்று தலையாட்டினார். "பாய்... பாய்" என்று இடது கையால் முன்பக்கம் காட்டினார். எனக்கு விளங்கவில்லை என்பது தெரிந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் இருபத்தாறு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்தவர். மூன்று மாடி உயர இன்ஜின்களைப் பார்த்துக்கொண்டவர். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு காலையில், முகச்சவரம் பாதியில் நிற்க, பக்கவாதம் வந்தது. வலது கை தொங்கிவிட்டது. வலது காலை இழுத்து இழுத்து நடக்கலாம் என்ற அளவுக்குத் தேறிவிட்டார். பேச்சுதான் திரும்பவில்லை. "அவருக்கு எல்லாம் புரியும், சரியாத்தான் யோசிப்பாரு. ஒரு வார்த்தைய எடுக்கப் போனா பக்கத்துல இருக்குற வேற வார்த்தை கைக்கு வந்துரும்" என்று டாக்டர் சொன்னார். அப்படித்தான் நடந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் ‘குடை’ என்பார். புதன்கிழமையைத் திங்கள் என்பார். சில நாள் ஒரு சொல்லும் வராது. ஆனால் சாயங்காலம் செபமாலை சொல்ல உட்கார்ந்தால் ஒரு வரி பிசகாது. என்னைக் கூப்பிடுகிற "ஏளா"வும் பிசகவில்லை. அதட்டலும் கொஞ்சலும் அந்த ஒரு சொல்லில் முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன.

செவ்வாயும் வெள்ளியும் பாளையங்கோட்டைக்குப் பேச்சுப் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக்கும் அவரைக் கூட்டிப் போகவேண்டும். அதற்காகத்தான் நாற்பத்தாறு வயதில் நான் கார் ஓட்டப் படித்தேன். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிப்பது என் வேலை. அந்த இரண்டு நாளும் பிற்பகலில் வந்தால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கார் எட்டு வயதான டீசல் கார். அவர் ஊரில் இருக்கும்போதெல்லாம் அவரே பார்த்துக்கொண்டதால் பானட்டை எப்படித் திறப்பது என்பதுகூட எனக்குத் தெரியாமல் இருந்தது.

விளக்கு எரிந்த மறுநாள், வழக்கமாக சர்வீஸுக்கு விடுகிற பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அங்கிருந்தவர் ஒரு கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, பொத்தான்களை அழுத்தி, "சென்சார் மேடம், மாத்திரலாம்" என்றார். என் கணவர் பானட்டைத் தட்டினார். "பாய்" என்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "சாருக்கு ஒரு சேர் போடுங்கப்பா" என்றார். நாற்காலி வந்தது. அவர் உட்காரவில்லை. சென்சார் மாற்றி முடிக்கிற வரைக்கும் வலது காலைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

மூன்று நாளில் விளக்கு திரும்பவும் எரிந்தது. "பாய், பாய்" என்பதும் நிற்கவில்லை. அப்போதுதான் எனக்குத் தோன்றியது: இவர் சொல்வது படுக்கிற பாய் இல்லை. மூன்றாம் மைலுக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக் பாய். இவருக்குப் பல வருடப் பழக்கம். இவ்வளவு எளிதான விஷயத்தை இத்தனை நாள் புரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டு வண்டியை அங்கே விட்டேன்.

மெக்கானிக் பாய் ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டார். "அண்ணனா! எம்புட்டு நாளாச்சு. நல்லாருக்கியளா?" என்று கையைப் பிடித்தார். பிடித்தது வலது கை. அது பதிலுக்குப் பிடிக்கவில்லை என்பதை உணர்ந்ததும் இடது கைக்கு மாறினார். அவரும் தன் கருவியைச் சொருகிப் பார்த்தார். என் கணவர் குனிந்து அதன் திரையை எட்டிப் பார்க்க முயன்றார். அதற்குள் மெக்கானிக் அதைக் கழற்றித் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். வேண்டுமென்றே செய்ததல்ல. அவருடைய கருவி, அவருடைய பழக்கம்.

"டர்போவே போயிருக்கும்னு நெனைக்கேன். பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும். ஒரு வாரம் வண்டிய இங்கன விட்டுட்டுப் போங்கம்மா" என்றார்.

என் கணவர் என் முழங்கையைப் பிடித்து வண்டியை நோக்கி இழுத்தார். பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மெக்கானிக்கிடம் சமாதானம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆக, அவர் கேட்டது இந்தப் பாயையும் இல்லை.

வழியில் அவர் இடது உள்ளங்கையைப் புத்தகம்போல விரித்து, அதை உற்றுப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மறுபடியும் உள்ளங்கை, மறுபடியும் நெஞ்சு. இதற்குச் சொல் தேவைப்படவில்லை.

"அந்த மெசினா? நீங்க பாக்கணுமா?"

"ஏளா" என்றார். ஆமாம் என்று அர்த்தம்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளிடம் போனில் சொன்னேன். "அதெல்லாம் வீட்டுக்கே வாங்கலாம்மா, கட்டைவிரல் அளவுலகூட இருக்கு" என்று அவளே ஆன்லைனில் ஒன்றை அனுப்பிவைத்தாள். காரில் சொருகிவிட்டால் புளூடூத் வழியாக போனில் எல்லாம் தெரியும் என்றாள். தெரியத்தான் செய்தது. ஆனால் அந்தச் செயலி முழுக்கப் பொடி எழுத்து. நடுநடுவே விளம்பரம் வந்து திரையை மூடியது. இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு அதே கையின் கட்டைவிரலால் தொட்டால், அவர் நினைத்த இடம் ஒன்று, திறந்த இடம் வேறு. அதைவிடப் பெரிய சிக்கல், பக்கவாதத்துக்குப் பிறகு எழுத்துகள் அவருக்குக் கலங்கின. பத்திரிகையின் தலைப்பைப் பார்த்ததோடு மடித்து வைத்துவிடுவார். எண்கள் கலங்கவில்லை. கடிகாரம், நாள்காட்டி, கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் சரியாகப் பார்ப்பார். அரைமணி நேரம் போராடிவிட்டு, போனை என் மடியில் கவிழ்த்து வைத்தார். மகளிடம் சொல்லி அதைத் திருப்பி அனுப்பச் செய்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம் முழுக்க ஸ்கேனர் வீடியோக்களாகப் பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரர், "என்னக்கா, ஒர்க்‌ஷாப் வைக்கப் போறியளா?" என்றுகூடக் கேட்டார். எந்த ஸ்கேனர் எத்தனை கம்பெனி வண்டிக்கு ஒத்துப்போகும், எது ஏர்பேக்கையும் பிரேக்கையும் சேர்த்துப் பார்க்கும், எதற்கு இலவச அப்டேட் உண்டு என்று வீடியோவில் வந்தவர்கள் மூச்சுவிடாமல் பேசினார்கள். எனக்குத் தெரியவேண்டியது அதில் எதுவும் இல்லை. ஒரு கையால் பிடித்து, அதே கையால் அழுத்த முடியுமா? தொடுதிரை இல்லாமல் பொத்தான் இருக்குமா? எழுத்துக்குப் பதிலாகக் கோடு போட்டுக் காட்டுமா? இந்தக் கேள்விகளோடு எந்தக் கருவியையும் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது, அவர் கையில் கொடுத்துத்தான் பார்க்கவேண்டும் என்று முடிவுக்கு வந்தேன்.

பாளையங்கோட்டை ரோட்டில் சீட் கவர், ஹாரன் எல்லாம் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்கார அண்ணாச்சி மூன்றை எடுத்து வைத்தார். கட்டைவிரல் அளவில் ஒன்று, வயரும் பொத்தான்களுமாகத் தொலைபேசி ரிசீவர் அளவில் ஒன்று, டேப்லட் மாதிரி பெரிதாக ஒன்று.

"இதத்தான் எடுக்கணும்" என்று பெரியதை என் பக்கம் நகர்த்தினார். "ஏர்பேக்கு, பிரேக்கு, சாவி கோடிங்கு, சகலமும் பாக்கலாம். ஒர்க்‌ஷாப்புக்காரங்களே நம்மகிட்ட இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

"இவங்கதான் பாக்கப்போறாங்க அண்ணாச்சி. இவங்க கையில குடுங்க."

அண்ணாச்சி என் கணவருடைய வலது கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெரியதை அவர் பக்கம் நீட்டினார். அவர் இடது கையில் வாங்கினார். தூக்க முடிந்தது. ஆனால் தூக்கிக்கொண்டால் அழுத்துவதற்குக் கை இல்லை. கண்ணாடி மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு, நடுவில் இருந்ததை எடுத்தார். அது உள்ளங்கையில் உட்கார்ந்தது. கட்டைவிரல் எல்லாப் பொத்தானுக்கும் எட்டியது. மேலும் கீழும் அழுத்திப் பார்த்தார். திரை இருட்டாகவே இருந்தது.

"வண்டில மாட்டுனாத்தான் கரண்டு வரும்" என்றார் அண்ணாச்சி.

"வண்டி வெளியதான் நிக்கு. வாங்க."

அண்ணாச்சி வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டுத் தேடினார். சொருகுகிற இடம் அகப்படவில்லை. என் கணவர் அவர் தோளைத் தொட்டு நகரச் சொல்லி, பார்க்காமலே கையை உள்ளே விட்டு ஒரே தடவையில் மாட்டினார். சாவியைத் திருப்பினேன். திரையில் வெளிச்சம் வந்தது. எழுத்துகள் வரிசையாக வந்தபோது அவர் புருவம் நெரிந்தது. ஆனால் கட்டைவிரல் நிற்கவில்லை. தட்டித் தட்டிக் கீழே போனார். கோளாறுக் குறியீடாக ‘பி’ என்ற எழுத்தும் 0299 என்ற எண்ணும் வந்தன. ஒவ்வொரு எண்ணையும் உதடு அசையப் படித்தார். மேலும் தட்டினார். கறுப்புத் திரையில் பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஓடத் தொடங்கியது. நான் ஆக்சிலேட்டரைத் தொட்டேன். கோடு லேசாக நெளிந்தது.

"ஏளா" என்றார். இந்த முறை அதட்டலுமில்லை, கொஞ்சலுமில்லை. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"இதுல இன்ஜின் மட்டுந்தான் தெரியும், கேட்டியளா? பொறவு வந்து ஏர்பேக்கு பாக்க முடியலன்னு குத்தம் சொல்லப்புடாது" என்றார் அண்ணாச்சி.

குற்றம் சொல்லமாட்டோம் என்று வாங்கிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கீழவைப்பார் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை விட்டோம். இரண்டு பக்கமும் உப்பளம், அந்த நேரத்தில் சாலை காலி. ஸ்கேனரின் வயர் என் முழங்காலுக்குக் கீழாக அவர் மடிக்குப் போனது. மூன்று விரலைக் காட்டினார், மூன்றாவது கியர். உள்ளங்கையை முன்னால் தள்ளினார், மிதித்தேன். வண்டி வழக்கம்போல முனகியது. கையைக் கீழே இறக்கினார், காலை எடுத்தேன். ஓரமாக நிறுத்தச் சொல்லித் திரையைக் காட்டினார். கோடு கொஞ்சம் ஏறி, அதற்குமேல் போகாமல் படுத்துக் கிடந்தது. அது எதுவரை ஏறியிருக்க வேண்டும் என்பதைத் திரையின் மேல் விளிம்பில் நகத்தால் கீறிக் காட்டினார். திரும்பவும் ஓட்டச் சொன்னார். மூன்று தடவையும் கோடு அதே இடத்தில் நின்றது.

ஒரு உடைமரத்து நிழலில் நிறுத்தி பானட்டைத் திறந்தோம். சூடு ஆறும்வரை பொறுத்திருந்தார். பிறகு இடது கையை உள்ளே விட்டு, தடித்த ரப்பர் குழாய் ஒன்றின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே போனார். ஒரு வளைவில் கை நின்றது. வெளியே எடுத்துக் காட்டினார். விரல் நுனிகளில் கறுப்பு எண்ணெய்ப் பிசுபிசுப்பு. என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். குழாயில் வெடிப்பு இருந்தது. என் நகம் உள்ளே போனது.

"பாய்" என்றார். சொல்லிவிட்டு என் உள்ளங்கையில் ஊதினார். பிறகு இடது கையை முகத்துக்கு எதிரே நிறுத்தி, காற்று நிறைந்ததுபோல அதைப் புடைக்கக் குவித்தார்.

எனக்கு அப்போதுதான் எட்டியது. "பாய்மரத்துல கெட்டுத பாயா? காத்தா?"

அவர் உதடு இரண்டு மூன்று தடவை அசைந்தது. "காத்து" என்றார். "காத்து, காத்து."

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவதுதான் டர்போ; அந்த அழுத்தத்தைத்தான் திரையில் கோடு காட்டியது. அழுத்திய காற்று போகிற குழாய் வெடித்து, காற்று வெளியே போயிருக்கிறது. முதல் நாளே, வல்லநாட்டில், காதால் கேட்டே அவர் கண்டுபிடித்திருக்கிறார். காற்றைத் தேடிப் போன நாக்கில் பாய் வந்து மாட்டியிருக்கிறது. நான் அவரைப் படுக்கவைக்கப் பார்த்தேன், பிறகு மூன்றாம் மைலுக்குக் கூட்டிப் போனேன். இதை அவரிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு அழுகை வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு இரண்டும் அவருக்கு அடுத்தடுத்து வரும். அது முடியும்வரை தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உப்பு ஏற்றிய லாரி ஒன்று வேகத்தைக் குறைத்து, "என்னக்கா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனது.

மறுநாள் மெக்கானிக் பாயிடமே போனோம். வெடிப்பைத் தொட்டுப் பார்த்தவர், எழுந்து என் கணவர் முன்னால் வந்து நின்றார். "எப்பிடிண்ணே புடிச்சிய? நானா இருந்தா டர்போவப் பிரிச்சுப் போட்டிருப்பேன்." என்னிடம் கேட்கவில்லை, அவரிடமே கேட்டார். இவர் ஸ்கேனரை வண்டியில் மாட்டி, சேமித்து வைத்திருந்த கோட்டைக் காட்டினார். மெக்கானிக் குத்தவைத்து உட்கார்ந்து, கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். குழாய் மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. திரும்பும்போது கோடு, அவர் நகம் கீறிய இடம்வரை ஏறியது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னபோது, அடுத்த தடவை அந்தக் கருவியையும் கொண்டுவரச் சொன்னார். படம் போட்ட அட்டைகளில் சலித்துப்போயிருந்த என் கணவர், வாசலில் நின்ற காரில் அதை மாட்டி, திரையில் வந்த எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னார். சூடு எண்பத்தெட்டு. சுற்று எண்ணூற்று ஐம்பது. பெரிய மாற்றம் எதுவும் நடந்துவிடவில்லை. தண்ணீர் இன்னமும் பல நாள் குடைதான். ஆனால் பயிற்சிக்குக் கிளம்பும் காலைகளில் நான் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு வந்ததுதான் எங்களுக்குள் நடந்த சண்டை. ஒரு சனிக்கிழமை நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். அவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். ஸ்கேனர் மாட்டியிருந்தது.

"எறங்குங்க."

"இல்ல." தெளிவாக வந்தது.

திரையைக் காட்டினார். ஒரு கோளாறும் இல்லை.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஒங்க காலுக்குத்தான். டாக்டர் ஓட்ட வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. சுற்றிப் போய் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். கைப்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

"சரி. பிரேக்க மிதிங்க பாப்போம்."

வலது கால் மெதுவாகப் போய் மிதித்தது.

"இப்போ வேகமா. குறுக்க ஒரு ஆடு வந்துட்டு. மிதிங்க!"

கால் போனது. பிரேக்கில் நிற்காமல் வழுக்கி ஆக்சிலேட்டரில் விழுந்தது. இன்ஜின் அலறியது. சாவியைத் திருப்பி அணைத்தது அவர்தான். என் கையில் மீன் செதில் காய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் ஸ்கேனரைக் கழற்றி, வயரை ஒரு கையாலேயே சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பாதியிலேயே தோன்றியது. டாக்டர் திட்டவில்லை. காலை ஆட்டிப் பார்த்து, உடற்பயிற்சியில் புதிதாக இரண்டைச் சேர்த்து எழுதினார். "ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம். நடந்தா நடக்கும், இல்லன்னா இல்ல" என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் என் கணவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு என்று ஆறு வரைக்கும் வாய்விட்டுச் சரியாக எண்ணினார். நான் கணக்குப் பார்த்தேன். ஆறாவது மாதம் தை. அவர் என் பக்கம் திரும்பி, நம்பிக்கையோடு, "ஆடி" என்றார்.

நான் திருத்தவில்லை. "சரி, அதுக்குள்ள கால் சரியாயிரும்" என்று சொல்லி மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.